கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை

நிரல் ‘கோப்பு இல்லை’ என்கிறது. போய்ப் பார்த்தால் கோப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மறுபடி ஓட்டினால் அதே நிரல் ஒரு புகாரும் இல்லாமல் ஓடி முடிகிறது. அடுத்த முறை வேறொரு கோப்பைக் காணோம் என்கிறது. பைத்தானில் எழுதிய வேலையை வேகப்படுத்துவதற்காக அதைப் பல திரெட்டுகளாகப் பிரித்தவர்களுக்கு இந்தக் கண்ணாமூச்சி பழக்கமானது. ஒரே திரெட்டில் ஓடியவரை ஒழுங்காக இருந்த நிரல், எட்டு திரெட்டில் ஓடும்போது மட்டும் தடுமாறும். அதுவும் எப்போதும் இல்லை, எப்போதாவது.

பிழைச் செய்தி காட்டும் வரிக்குப் போய் அந்த வரியையே உற்றுப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அந்த வரியில் பெரும்பாலும் ஒரு குற்றமும் இருக்காது. திரெட்டுகள் கலந்த நிரலில் பிழை தெரியவரும் இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறொன்று. ஒரு திரெட் செய்த காரியத்துக்கு இன்னொரு திரெட் மாட்டிக்கொள்கிறது. இது ஏன் என்று தெரிந்துகொள்ள, பைத்தானுக்கு அடியில் இருக்கும் இயங்குதளம் வரை இறங்கிப் போக வேண்டும்.

எது பொது, எது தனி

ஒரு நிரலை ஓட்டியதும் இயங்குதளம் அதற்கென்று ஒரு புராசஸை உருவாக்குகிறது. நினைவகத்தில் ஒரு பகுதி, திறந்திருக்கும் கோப்புகளின் அட்டவணை, ‘இப்போது நிற்கும் கோப்புறை இது’ என்ற குறிப்பு எல்லாம் அந்தப் புராசஸின் பெயரில் பதிவாகின்றன. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. அதன் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஒவ்வொரு புராசஸுக்கும் ‘யூசர்’ என்றோர் அமைப்பு உண்டு. நடப்புக் கோப்புறை பற்றிய குறிப்பும் அதில்தான் இருந்தது, திறந்த கோப்புகளின் அட்டவணையும் அதில்தான் இருந்தது. அட்டவணையில் மொத்தமே 15 இடங்கள். அன்றைக்கு ஒரு புராசஸுக்குள் ஒரே ஓட்டம்தான். எனவே ஒரு பொருள் புராசஸுக்குச் சொந்தமா, ஓடும் வேலைக்குச் சொந்தமா என்ற கேள்வியே எழவில்லை.

திரெட்டுகள் பிற்பாடு வந்து சேர்ந்தவை. யூனிக்ஸ் குடும்பத்தில் அவற்றுக்கான பாசிக்ஸ் தரம் 1995-இல் உறுதியானது. ஒரே புராசஸுக்குள் பல ஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேக், தனி உள்ளூர் மாறிகள். மற்றவை கூட்டுச் சொத்து. கூட்டுச் சொத்தில் வம்பு வரும் என்பது தரத்தை வகுத்தவர்களுக்குத் தெரியும். கடைசியாக நடந்த பிழையின் எண்ணைத் தாங்கும் ‘எர்நோ’ அதுவரை நிரல் முழுவதற்கும் ஒரே மாறியாக இருந்தது. ஒரு திரெட்டின் பிழை எண்ணை இன்னொன்று அழித்துவிடக் கூடாது என்று அதைத் திரெட்டுக்குத் திரெட் தனியாக்கினார்கள். நடப்புக் கோப்புறையும் கோப்பு அட்டவணையும் பொதுவிலேயே தொடர்ந்தன. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இன்றும் அதே நிலைதான். பைத்தான் இந்த ஏற்பாட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கோப்பைத் திறக்கும்போது வரும் விநோதங்களில் பல இங்கிருந்து கிளம்புகின்றன.

காலடியில் நகரும் கோப்புறை

ஒரு கடையின் விற்பனைக் கணக்கு மாதவாரியாகக் கோப்புறைகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஜனவரி’, ‘பிப்ரவரி’, ‘மார்ச்’, ‘ஏப்ரல்’. ஒவ்வொன்றுக்குள்ளும் ‘விற்பனை’ என்ற பெயரில் ஒரு கோப்பு. நிரலாளர் மாதத்துக்கு ஒரு திரெட் ஒதுக்குகிறார். ஒவ்வொரு திரெட்டும் முதலில் ‘சிஎச்டிர்’ என்ற கட்டளையால் தன் மாதத்தின் கோப்புறைக்குள் போக வேண்டும், பிறகு ‘விற்பனை’யைத் திறக்க வேண்டும். ஒரு திரெட்டை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஓடும்போது நடப்பதைப் பாருங்கள். முதல் திரெட் ‘ஜனவரி’க்குள் நுழைகிறது. அது கோப்பைத் திறப்பதற்குள் இரண்டாவது திரெட்டின் முறை வந்துவிடுகிறது. அது ‘பிப்ரவரி’க்குப் போக முயல்கிறது. கோப்புறையின் பெயர் மட்டும் கொடுத்திருந்தால், இயங்குதளம் ‘ஜனவரி’க்குள் ஒரு ‘பிப்ரவரி’யைத் தேடும். அங்கே அப்படி ஒன்று கிடையாது. பிழை எண் 2, ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. நிரலாளர் தன் வட்டைத் திறந்து பார்க்கிறார். ‘பிப்ரவரி’ பத்திரமாக இருக்கிறது.

முழுப் பாதையும் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது திரெட் சிக்கலில்லாமல் ‘பிப்ரவரி’க்குள் போகும், கூடவே முதல் திரெட்டையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது முதல் திரெட் ‘விற்பனை’யைத் திறக்கிறது. திறப்பது பிப்ரவரிக் கணக்கை. எல்லாக் கோப்புறையிலும் அதே பெயரில் கோப்பு இருப்பதால் பிழையே வராது. ஜனவரி மொத்தம் என்ற தலைப்பின் கீழ் பிப்ரவரித் தொகை அச்சாகும். பிழைச் செய்தி வந்தவர் அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கான மருந்து எளியது. திரெட்டுகளைத் தொடங்கும் முன்பே, முதன்மை நிரலில் ஒரே ஒரு முறை, எல்லாக் கோப்புகளின் முழுப் பாதையையும் கணக்கிட்டுவிட வேண்டும். பாத்லிப் தொகுப்பின் ‘ரிசால்வ்’ அதைச் செய்து கொடுக்கும். அதன் பிறகு எந்தத் திரெட்டும் நடப்புக் கோப்புறையைத் தொடக் கூடாது. வேறொரு நிரலைக் குறிப்பிட்ட கோப்புறையிலிருந்து ஓட்ட வேண்டுமானால் சப்புராசஸ் தொகுப்பு அந்தக் கோப்புறையின் பெயரைத் தனி அளவுருவாகவே வாங்கிக்கொள்ளும். நம் புராசஸ் நகர வேண்டியதில்லை. பைத்தான் 3.11-இல் கோப்புறையைத் தற்காலிகமாக மாற்றித் திரும்ப வைக்கும் வசதி ஒன்று சேர்ந்தது. பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் திரெட்டுகள் உள்ள இடத்தில் பெரும்பாலும் இதற்கு வேலையில்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

நீங்கள் ‘சிஎச்டிர்’ எழுதியிருக்காவிட்டாலும் நிம்மதி அடைய முடியாது. நீங்கள் பயன்படுத்தும் ஏதோ ஒரு நூலகம் உள்ளுக்குள் அதைச் செய்துகொண்டிருக்கலாம். பிழை வரும் அந்தக் கணத்தில் நடப்புக் கோப்புறை எது என்று அச்சிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

1,024 என்ற வேலி

அடுத்த பிழையின் எண் 24: ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’, திறந்து கிடக்கும் கோப்புகள் மிக அதிகம். ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இயல்பான வரம்பு 1,024. மேக் டெர்மினலில் 256. திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திகளுக்கு என்று முதல் மூன்றும் ஆரம்பத்திலேயே போய்விடும். மிச்சம் 1,021. வலை இணைப்புகளும் பைப்புகளும் இதே கணக்கிலிருந்துதான் எண் வாங்குகின்றன.

திரெட்டுகள் அதிகமானதால்தான் வரம்பு முட்டியது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டால் அது பொருந்தாது. வேலைகளைத் திரெட்டுகளுக்குப் பங்கிட்டுத் தரும் பைத்தானின் திரெட் பூல், எண்ணிக்கையை நீங்கள் சொல்லாவிட்டால், செயலிகளின் எண்ணிக்கையோடு நான்கைக் கூட்டி அதை எடுத்துக்கொள்ளும்; எப்படியும் 32-ஐத் தாண்டாது. பைத்தான் 3.8-இலிருந்து இதுதான் விதி. 32 திரெட்டும் ஆளுக்கொரு கோப்பைத் திறந்தாலும் 1,021 எங்கே, 32 எங்கே? ஆக, பிழை 24 வந்தால் பெரும்பாலும் திறந்த கோப்பை யாரோ மூடவில்லை என்று பொருள். நிமிடத்துக்கு இரண்டு கோப்பு கசிந்தால் போதும், எட்டரை மணி நேரத்தில் வரம்பு தீர்ந்துவிடும். மாலையில் ஓட்டிவிட்டுப் போன நிரல் விடிவதற்குள் செத்துக் கிடப்பதன் கணக்கு இதுதான்.

சாகும்போது மாட்டுவது கசியவிட்ட திரெட்டாக இருக்காது. 1,022-ஆவது எண்ணைக் கேட்ட அப்பாவி எதுவோ, அதன் தலையில் பிழை விழும். அது ஒரு தொகுப்பை இம்போர்ட் செய்த வரியாக இருக்கலாம், வலை முகவரியைத் தேடப் போன நூலகமாக இருக்கலாம். கோப்புக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத ஒரு வரியில் கோப்புப் பிழை வருவது இதனால்தான்.

கசிவு எங்கே நடக்கிறது? ‘வித்’ கட்டமைப்புக்குள் திறந்த கோப்பு, வழியில் பிழை வந்தாலும் மூடப்பட்டுவிடும், பைத்தான் 2.5 காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ‘ஓப்பன்’ என்று மட்டும் எழுதினாலும், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தானில், அந்தக் கோப்பை யாரும் சுட்டிக்கொண்டிருக்காதபோது அது தானாகவே மூடிக்கொள்ளும். இந்தத் தாராளம்தான் பலரைச் சோம்பேறியாக்கியிருக்கிறது. திரெட் பூலில் இந்தத் தாராளம் செல்லாமல் போகும் ஓர் இடம் உண்டு. ஒரு வேலை பிழையில் முடிந்தால், பூல் அந்தப் பிழையை ‘ஃபியூச்சர்’ என்ற பொருளுக்குள் போட்டு வைக்கிறது. பிழை தன் தடத்தை (டிரேஸ்பேக்) பிடித்துக்கொண்டிருக்கிறது. தடம், பிழை நடந்த செயற்கூறின் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டகம் தன் உள்ளூர் மாறிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்று திறந்த கோப்பு. தோற்ற வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா ஃபியூச்சர்களையும் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தால், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோப்பு மூடாமல் நிற்கும். ‘வித்’ எழுதியிருந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் இருந்தாலும் பரவாயில்லை, கோப்பு மூடியிருக்கும்.

லினக்ஸில் ‘புராக்’ என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு புராசஸின் திறந்த எண்களும் பட்டியலாகக் கிடைக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கருவி அதையே பெயர்களோடு காட்டும். ஒரே பெயர் முந்நூறு தடவை வந்தால் திருடன் அகப்பட்டான். பைத்தானை டெவலப்மென்ட் நிலையில் ஓட்டினால், மூடாமல் கைவிட்ட கோப்பு அழியும்போது எச்சரிக்கை வரும். டிரேஸ்மாலாக் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் எந்த வரியில் திறந்தது என்றும் சொல்லும்.

வரம்பை உயர்த்துவதும் ஒரு வழிதான், தேவை உண்மையாக இருந்தால். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 240-ஆம் பதிப்பு, ஒருவர் தானே உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சத்தை 5,24,288 ஆக்கியது. தொடக்க வரம்பை 1,024-லேயே விட்டுவைத்தது. காரணம், பழைய ‘செலக்ட்’ என்ற கெர்னல் அழைப்பு. அது எண்களை 1,024 இடங்கள் கொண்ட ஒரு தொகுதியில் வைத்துக்கொள்கிறது. வரம்பை உயர்த்தியதும், ‘செலக்ட்’டை நம்பியிருக்கும் பழைய நூலகம் ஒன்று, எண் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று புதிதாக ஒரு பிழையைக் கிளப்பலாம். கசிவு உள்ள நிரலில் வரம்பை உயர்த்தினால், செவ்வாய்க்கிழமை சாக வேண்டியது வெள்ளிக்கிழமை சாகும். அவ்வளவுதான்.

எண் மாறாட்டம்

யூனிக்ஸ் குடும்பத்தில் புதுக் கோப்பு திறக்கும்போது, காலியாக இருக்கும் எண்களில் மிகச் சிறியதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்து டோக்கன் மாதிரி. ஏழாம் டோக்கனைக் கொடுத்துவிட்டு ஒருவர் செருப்பை வாங்கிக்கொண்டு போனதும், அடுத்து வருகிறவருக்கு அதே ஏழு கிடைக்கும். முதலாமவர் கையில் ஏழாம் எண்ணுக்கு இன்னொரு நகல் இருந்து, அவர் மறந்துபோய் அதையும் நீட்டினால்? கடைக்காரர் எண்ணைத்தான் பார்ப்பார். இரண்டாமவரின் செருப்பு போய்விடும்.

நிரலில் இது நடப்பது இப்படி. கெர்னலின் எண்ணை நேரடியாக வாங்கி, அதைச் சுற்றி ஒரு பைத்தான் கோப்புப் பொருளையும் உருவாக்கிக்கொண்டு, பிறகு எண்ணைத் தனியாக மூடுகிறார்கள். கோப்புப் பொருளுக்கு இந்தச் சேதி தெரியாது. பிறகு அதையும் மூடும்போது அது அதே எண்ணை மறுபடி மூடுகிறது. ஒரே திரெட் என்றால், அந்த எண் காலியாக இருந்து, ‘தவறான எண்’ என்று பிழை 9 வரும். பல திரெட் என்றால், நடுவில் இன்னொரு திரெட் அந்த எண்ணில் தன் கோப்பைத் திறந்திருக்கும். இரண்டாவது மூடல் அந்தக் கோப்பை மூடிவிடும். ஒன்றுமே செய்யாத திரெட்டுக்குப் பிழை 9. மூடுவதற்குப் பதில் எழுதும் செயலாக இருந்தால் ஒருவர் தரவு இன்னொருவர் கோப்பில் போய் விழும். எண்ணோடு பேசாமல் கோப்புப் பொருளோடு மட்டும் பேசினால் இந்த வம்பு வராது. ஒரே பொருளை இரண்டு முறை மூடினாலும் இரண்டாவது முறை எதுவும் ஆகாது.

இதைவிட அடிக்கடி வருவது, மூடிய கோப்பில் வேலை செய்ய முடியாது என்ற ‘வேல்யூ எரர்’. முதன்மை நிரல் ‘வித்’ போட்டு ஒரு கோப்பைத் திறக்கிறது; அதற்குள் திரெட்டுகளைத் தொடங்குகிறது; அவை முடியும்வரை காத்திருக்காமல் கட்டமைப்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ‘வித்’ தன் கடமையைச் செய்து கோப்பை மூடுகிறது. திரெட்டுகள் அப்போதுதான் படிக்கவே ஆரம்பிக்கின்றன. காத்திருக்கும் ‘ஜாயின்’ வரி ‘வித்’துக்கு உள்ளே இருக்க வேண்டும். அதைவிட நல்லது, கோப்பைப் பகிராமல் ஒவ்வொரு திரெட்டும் தானே திறந்து தானே மூடுவது. பகிர்ந்தால் படிக்கும் இடமும் பொதுவாகிவிடும். ஒருவர் நூறாவது பைட்டுக்கு நகர்த்தினால் மற்றவரும் அங்கிருந்துதான் படிப்பார்.

பார்த்த நேரமும் திறந்த நேரமும்

‘கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் திற.’ கேட்பதற்கு எவ்வளவு பொறுப்பான நடை! திரெட்டுகள் உள்ள நிரலில் இந்தப் பொறுப்பால் பயனில்லை. பார்த்ததற்கும் திறப்பதற்கும் நடுவில் இன்னொரு திரெட் அந்தக் கோப்பை அழித்துவிடலாம், பெயர் மாற்றிவிடலாம், உருவாக்கியும்விடலாம்.

பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தானே ஓடும், ஜிஐஎல் என்ற பொதுப் பூட்டு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பூட்டு மொழியின் உள் அமைப்புகளைக் காப்பாற்றத்தான். உங்கள் இரண்டு வரிகளைச் சேர்த்துக் காப்பதற்கு அல்ல. வேறொரு திரெட் காத்திருந்தால் 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை பூட்டைக் கைமாற்றச் சொல்லும் ஏற்பாடு உண்டு. அதற்கும் மேலாக, கோப்பு இருக்கிறதா என்று கேட்கும்போதும் கோப்பைத் திறக்கும்போதும் பைத்தான் தானாகவே பூட்டை விட்டுக்கொடுக்கிறது, வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் வீணாகக் கூடாது என்று. கோப்பு வேலைதான் திரெட்டுகள் ஒன்றையொன்று முந்துவதற்கு மிக வசதியான இடம்.

அதனால் கேட்காமல் திறந்துவிட வேண்டும். பிழை வந்தால் கையாள வேண்டும். ஏற்கெனவே இல்லாத கோப்பைத்தான் உருவாக்க வேண்டும் என்றால், பைத்தான் 3.3-இல் வந்த ‘எக்ஸ்’ முறையில் திறக்கலாம். இருக்கிறதா என்று பார்ப்பதையும் உருவாக்குவதையும் கெர்னல் ஒரே அசைவில் செய்யும், இரண்டு திரெட்டில் ஒன்றுதான் வெல்லும். தோற்றதற்குப் பிழை 17, ‘ஏற்கெனவே இருக்கிறது’. கோப்புறை உருவாக்கும்போது ‘எக்ஸிஸ்ட் ஓகே’ என்ற அளவுருவைக் கொடுத்துவிட்டால் அந்தப் போட்டியும் இல்லை. ஒரு திரெட் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இன்னொன்று பாதியில் திறந்து அரைகுறையாகப் படிப்பதும் இதே ரகம். அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதி முடித்து, ‘ரீப்ளேஸ்’ கட்டளையால் உரிய பெயருக்கு மாற்றினால், படிக்கிறவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும்.

விண்டோஸில் ஒரு கூடுதல் சங்கடம். யூனிக்ஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் அழிக்கலாம். பெயர் மட்டும் போகும், திறந்தவர் தொடர்ந்து படிக்கலாம். விண்டோஸில் பைத்தான் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொரு திரெட் அழிக்கப் போனால், வேறொரு புராசஸ் பயன்படுத்துகிறது என்று பிழை 32 வரும். அந்த ‘வேறொரு’ புராசஸ் நீங்களேதான். எக்செலில் திறந்து கிடக்கும் கோப்பில் எழுதப் போனாலோ, கோப்பு என்று நினைத்துக் கோப்புறையைத் திறந்தாலோ, பிழை 13, ‘அனுமதி இல்லை’. நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. எக்செலை மூட வேண்டும்.

சத்தமில்லாத சாவு

இத்தனையும் பிழை கண்ணில் பட்டால்தான். திரெட்டுக்குள் நடக்கும் பிழை முதன்மை நிரலை வந்து சேர்வதில்லை. திரெட் தன் தடத்தைப் பிழை வெளியீட்டில் எழுதிவிட்டுச் செத்துப்போகும். முதன்மை நிரல் எதுவும் நடக்காதது போல் ஓடி, 0 என்ற வெற்றிக் குறியீட்டோடு முடியும். இரவில் அதை ஓட்டிய கிரான் என்ற நேர அட்டவணைக் கருவி, வேலை நல்லபடி முடிந்தது என்று குறித்துக்கொள்ளும். திரெட் பூலில் அந்தத் தடம்கூட வராது. பிழை ஃபியூச்சருக்குள் போய் உட்காரும். யாராவது ‘ரிசல்ட்’ என்று கேட்டால்தான் வெளியே வரும். கேட்காவிட்டால், நூறு கோப்புகளில் முப்பது திறக்கவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

எனவே முதல் சட்டம்: கொடுத்த ஒவ்வொரு வேலைக்கும் ‘ரிசல்ட்’ கேட்டே ஆக வேண்டும். பூல் இல்லாத தனித் திரெட்டுகளுக்கு, பைத்தான் 3.8-இலிருந்து திரெடிங் தொகுப்பில் ‘எக்செப்ட்ஹுக்’ இருக்கிறது. பிடிபடாத பிழைகளை அதன் வழியாக உங்கள் பதிவேட்டுக்குத் திருப்பலாம்.

தேடும் முறை

திரெட்டே இல்லாமல் வேலையை நேரடியாக ஓட்டுவதுதான் தொடக்கம். அப்போதும் பிழை வந்தால் அது திரெட் சிக்கல் இல்லை. விண்டோஸ் பின்னொட்டை மறைப்பதால் ‘டிஎக்ஸ்டி’ இரண்டு முறை ஒட்டிய பெயர், லினக்ஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, பாதையில் பின்சாய்வுக் கோட்டுக்குப் பின் வந்த எழுத்து டேப்பாகவோ புது வரியாகவோ மாறிப்போனது என்று வழக்கமான காரணங்களைப் பார்க்கலாம்.

அப்படி ஓடித் திரெட்டுகளில் மட்டும் தடுக்கினால், திரெட்டுக்கு வேலை கொடுத்த வரியை முதலில் பாருங்கள். அளவுருக்களை டியூப்பிளாகத் தர வேண்டும். ஒரே ஒரு கோப்புப் பெயரை அடைப்புக்குள் போட்டுக் காற்புள்ளியை விட்டுவிட்டால் அது டியூப்பிள் ஆகாது, வெறும் சரம். பைத்தான் அந்தச் சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடும். ஆங்கிலத்தில் புள்ளியோடு எட்டு குறிகள் கொண்ட ‘டேட்டா.டிஎக்ஸ்டி’யைக் கொடுத்தால், ‘ஒரு அளவுரு கேட்ட செயற்கூறுக்கு எட்டு கொடுத்திருக்கிறீர்கள்’ என்று பதில் வரும். இன்னொன்று, சுழற்சிக்குள் லாம்ப்டா எழுதுவது. லாம்ப்டா கோப்பின் பெயரை எழுதப்பட்ட நேரத்தில் பிடித்துக்கொள்ளாது, ஓடும் நேரத்தில்தான் பார்க்கும். அதற்குள் சுழற்சி கடைசிப் பெயருக்குப் போயிருக்கும். பத்து திரெட்டும் ஒரே கோப்பைத் திறக்கும்.

அதுவும் சரியாக இருந்தால், பிழை பிடிக்கும் இடத்தில் ஐந்து விவரங்களை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்: பிழை எண், கோப்பின் முழுப் பாதை, நடப்புக் கோப்புறை, திரெட்டின் பெயர், அந்த நேரத்தில் திறந்திருந்த கோப்புகளின் எண்ணிக்கை. எண் 2-ஓடு எதிர்பாராத கோப்புறை தெரிந்தால் யாரோ ‘சிஎச்டிர்’ செய்திருக்கிறார்கள். எண் 24-ஓடு எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியிருந்தால் கசிவு. எண் 9 என்றால் இரட்டை மூடல். நூலகங்கள் மறைக்கும் விஷயத்தை லினக்ஸின் ‘எஸ்டிரேஸ்’ காட்டிக்கொடுக்கும். எல்லாத் திரெட்டுகளையும் பின்தொடரச் சொன்னால், கெர்னலிடம் யார் எந்தப் பெயரில் எதைக் கேட்டார்கள் என்பது நடந்த வரிசையில் கிடைக்கும்.

ஆயிரத்தில் ஒருமுறை வரும் பிழையைக் கைக்குள் கொண்டுவர, சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவில் அரை வினாடி ‘ஸ்லீப்’ போடுங்கள். இடைவெளி அகலமானால் ஆயிரத்தில் ஒன்று, இரண்டில் ஒன்றாகும். திருத்திய பிறகும் அந்த ‘ஸ்லீப்’போடு ஓட்டிப் பார்த்து, பிழை வரவில்லை என்றால் எடுத்துவிடலாம். வெறுமனே மறுமுயற்சிச் சுழற்சி போட்டுப் பிழையை அமுக்குவது பலர் செய்யும் வேலை. வைரஸ் தடுப்பு நிரல் ஒரு நொடி கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது நியாயம். நடப்புக் கோப்புறை மாறிய இடத்தில் அது தப்பான கோப்பை வெற்றிகரமாகத் திறக்கும்.

இந்தப் பழக்கங்களுக்கு இனி விலை கூடும். சாம் கிராஸ் முன்வைத்த திட்டத்தின்படி, பொதுப் பூட்டு இல்லாத பைத்தான் 2024-இல் 3.13-ஓடு சோதனையாக வந்தது, 3.14-இல் விருப்பத் தேர்வாக முறையான ஆதரவைப் பெற்றது. அதில் திரெட்டுகள் உண்மையாகவே ஒரே நேரத்தில் வெவ்வேறு செயலிகளில் ஓடும். இங்கே பார்த்த பிழைகள் எதையும் பழைய பூட்டு தடுத்ததில்லை. அடிக்கடி வராமல் வேண்டுமானால் பார்த்துக்கொண்டது. புராசஸுக்கு ஒரே கோப்புறை, ஒரே கோப்பு அட்டவணை என்ற இயங்குதளத்தின் ஏற்பாடு மாறப்போவதில்லை. மாற்ற முடிந்தது நிரலின் அமைப்பைத்தான். ஒவ்வொரு திரெட்டுக்கும் தன் முழுப் பாதை, தன் கோப்புப் பொருள், தன் தற்காலிகக் கோப்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பல திரெட்டுகள் ஒரே கோப்பில் எழுதியாக வேண்டும் என்றால், எல்லோரும் ஒரு க்யூவில் போடட்டும், ஒரே ஒரு திரெட் எடுத்து எழுதட்டும். அப்படி எழுதிய நிரலில், பிழைச் செய்தி காட்டும் வரியை நம்பிப் போய்ப் பார்க்கலாம்.